மரமும் ரொட்டியும்

குழந்தைகளுக்கு விடுமுறை கொடுப்பது யார்?

பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் ஹெட்மாஸ்டர் என்பான். ஹெட்மாஸ்டர் கல்வி இலாகாவைக் காட்டுவார். இலாகா அரசாங்கத்தைக் கை காட்டும். அரசாங்கமோ பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறது. பஞ்சாங்கத்துக்குப் பின்னால் மதமும், மதத்துக்குப் பின்னால் வெயிலும் மழையும் பனியும் நிற்கின்றன. பரீட்சை முடிந்த அன்று மாலையில் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடுகிற பையனுக்கு, தன் ஓட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரியவர்கள் வரிசையாக நிற்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? அரசாங்கம் பஞ்சாங்கத்தை மாற்றி, மதத்தை விரட்டி, பண்டிகையையே குற்றம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ருஷ்ய தேசத்தில் நடந்த சங்கதி. அங்கே ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளின் குளிர்கால விடுமுறைக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. அதில் சக்கரவர்த்தி வருகிறார், வழிப்பறிக் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், பஞ்சம் வருகிறது, யுத்தமும் வருகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பச்சை மரம் நிற்கிறது.

அந்த மரத்துக்கு ருஷ்ய மொழியில் 'யோல்கா' என்று பெயர். கோபுரம்போல் கூம்பி வளர்கிற ஊசியிலை மரம். பனிக்காலத்தில் மற்ற மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் பச்சையாக இருக்கும். மரத்துக்கு மட்டும் அல்ல, அதைச் சுற்றிக் குழந்தைகள் கைகோத்து ஆடிப் பாடுகிற விழாவுக்கும் அதே பெயர்தான். "நான் யோல்காவுக்குப் போகிறேன்" என்று ஒரு ருஷ்யக் குழந்தை சொன்னால், மரத்தைப் பார்க்கப் போகிறது, ஆடப் போகிறது, தின்பண்டப் பொட்டலம் வாங்கப் போகிறது என்று மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மரத்தை முதலில் பண்டிகைக்கு இழுத்தவர் மகா பீட்டர் சக்கரவர்த்தி. 1699 டிசம்பரில் அவர் ஓர் உத்தரவு போட்டார். அதுவரை ருஷ்யாவில் செப்டம்பர் மாதத்தில்தான் வருஷம் பிறந்துகொண்டிருந்தது. இனிமேல் ஐரோப்பாவில் பிறப்பதுபோல ஜனவரி 1ஆம் தேதிதான் பிறக்க வேண்டும்; அன்று வீட்டு வாசல்களில் ஊசியிலைக் கிளைகளைக் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. சக்கரவர்த்தி சொன்னால் வருஷம்கூடப் பிறந்துதானே ஆக வேண்டும்! ஆனால் அவர் மறைந்த பிறகு அந்தத் தோரணம் வீடுகளை விட்டு மெல்ல நழுவி, சாராயக் கடைகளின் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைக்கு அடையாளமாக அங்கே அது வெகுகாலம் இருந்தது. உத்தரவினால் வந்த பண்டிகை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

இரண்டாவது தடவை மரம் வந்தது உத்தரவினால் அல்ல, ஒரு பெண்ணின் வீட்டு நினைவால். பிரஷ்ய நாட்டு இளவரசி ஷார்லட் 1817ல் ருஷ்ய அரச குமாரர் நிக்கலஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பிறந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மரம் வைத்துக் கொண்டாடியவள், புகுந்த வீட்டிலும் மரம் வைத்தாள். அரண்மனையில் நடந்ததைப் பிரபுக்கள் பார்த்தார்கள்; பிரபுக்கள் செய்ததை 1840க்குப் பிறகு வசதியுள்ள குடும்பங்களும் செய்யத் தொடங்கின. மெழுகுவர்த்தி, பொன் காகிதம் சுற்றிய வாதுமைக் கொட்டை, இனிப்பு ரொட்டி எல்லாம் மரத்தில் தொங்கின.

எல்லாக் குழந்தைகளுக்கும் அவை எட்டினவா என்றால், இல்லை. சிலருக்கு எட்டும்படி சிலர் செய்தார்கள். டால்ஸ்டாயின் மனைவி ஸோபியா, பண்டிகைக்கு முன்பே உடை இல்லாத மரப் பொம்மைகளை நிறைய வாங்கிவந்து, துணிக் கிழிசல்களைக் கொண்டு தன் குழந்தைகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சட்டையும் பாவாடையும் தைப்பாளாம். வீட்டில் அந்தப் பொம்மைகளுக்கு 'எலும்புக்கூடுகள்' என்று செல்லப் பெயர். பண்டிகை அன்று கிராமத்துக் குடியானவர் குழந்தைகள் வருவார்கள். ஆளுக்கு ஒரு பொம்மை கிடைக்கும். டால்ஸ்டாயின் மகன் இலியா இதைத் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். வேறு இடங்களிலும் கிராமப் பள்ளிகளில், நிலச்சுவான்தாரோ உபாத்தியாயரோ மனம் வைத்தால், ஒரு மரம் நிற்கும்; ஆளுக்கு ஒரு பென்சிலும் பலகாரமும் கிடைக்கும்.

கிடைக்காத குழந்தைகளின் கதையை டாஸ்டாவ்ஸ்கி எழுதினார். 1876 ஜனவரியில் வெளிவந்த அந்தச் சிறுகதையில், கந்தல் உடுத்த ஒரு சிறுவன் குளிரில் விறைத்தபடி ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே ஒளிவீசும் மரத்தைப் பார்க்கிறான். கதவைத் தள்ளிப் பார்த்தவனைக் கையில் ஒரு காசைத் திணித்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். விறகுக் குவியலுக்குப் பின்னால் அவன் உறைந்து இறந்துபோகிறான். இந்த ஜன்னலை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அறுபது வருஷம் கழித்து இதே ஜன்னலைக் காட்டி ஓர் அரசியல்வாதி பேசப்போகிறார்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1903ல் 'மல்யூத்கா' என்ற குழந்தைப் பத்திரிகையில் யோல்காவைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. எழுதியவர் ரையிஸா குதாஷேவா என்ற இளம் ஆசிரியை. முழுப் பெயரைப் போட வெட்கப்பட்டு வெறும் எழுத்துகளைப் போட்டார். 1905ல் லியோனித் பெக்மன் என்பவர் தம் சிறு பெண்ணுக்காக அதற்கு மெட்டமைத்தார். பாட்டு நாடு முழுவதும் பரவியது. குழந்தைகள் பாடினார்கள், அவர்கள் வளர்ந்து பெற்ற குழந்தைகளும் பாடினார்கள். எழுதியவரோ பிற்காலத்தில் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையில் இருந்தார். பாட்டின்கீழ் அவருடைய பெயர் அச்சாக 1941ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது.

முதல் உலக யுத்தம் வந்ததும் மரத்துக்குக் கெட்ட காலம் பிறந்தது. ஜெர்மனி எதிரி, மரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, ஆகவே மரமும் எதிரி என்று பத்திரிகைகள் சீறின. 1917ல் புரட்சி வந்து சக்கரவர்த்தி போனார். அடுத்த வருஷம் பஞ்சாங்கமும் போயிற்று. மேல்நாட்டுக் கணக்குக்கு மாறுவதற்காக 1918ல் ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று அறிவித்தார்கள். திருச்சபை பழைய கணக்கை விடவில்லை. அதனால் அதன் கிறிஸ்துமஸ் புதிய கணக்கில் ஜனவரி 7ஆம் தேதியில் விழுந்தது. வருஷப் பிறப்பு அதற்கு முன்னால் வந்துவிட்டது. இந்த இடமாற்றம் சின்ன விஷயம்போலத் தோன்றும். பின்னால் மரத்துக்கு உயிர்கொடுத்தது இதுதான்.

புரட்சியின் தலைவர் லெனினுக்கு மரத்தின்மேல் கோபம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. 1919 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். அவருடைய மனைவி க்ரூப்ஸ்கயா உடம்பு சரியில்லாமல், மாஸ்கோவை ஒட்டிய ஸொகோல்னிகியில் ஒரு வனப் பள்ளியில் தங்கியிருந்தாள். நோஞ்சான் குழந்தைகளுக்காக மரங்களுக்கு நடுவே நடத்தப்பட்ட பள்ளி அது. அங்கே குழந்தைகளுக்கு யோல்கா ஏற்பாடாகியிருந்தது. லெனின் தங்கையுடன் காரில் புறப்பட்டார். கூட வந்த மெய்க்காவலனின் கையில் ஒரு பால் பாத்திரம். வழியில் ஒரு கொள்ளைக் கூட்டம் காரை மறித்தது. லெனினின் கைத்துப்பாக்கி, காகிதங்கள், கார் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மெய்க்காவலன் ஏன் சுடவில்லை என்றால், அவன் கையில் பால் இருந்தது! பஞ்ச காலத்தில் பாலைக் கீழே கொட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நாட்டின் தலைவர் காரில்லாமல் நடந்து உள்ளூர் ஸோவியத் அலுவலகத்துக்குப் போனார். அத்தாட்சிக் காகிதம் இல்லை என்று வாசலிலேயே நிறுத்தினார்கள்.

லெனின் இறந்து சில வருஷங்களில் காற்று மாறியது. 1929ல் அரசாங்கம் வாரத்தையே கலைத்தது. இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஐந்து நாள் வாரம் ஒன்று ஏற்பட்டது, ஞாயிற்றுக்கிழமை மறைந்தது. கிறிஸ்துமஸ் சாதாரண வேலை நாளாயிற்று. மரம் பாதிரிமார்களின் மூடப்பழக்கம் என்று முடிவாயிற்று. குழந்தைப் பத்திரிகைகளிலேயே மரத்தைக் கேலி செய்து எழுதினார்கள். பள்ளியில் உபாத்தியாயர் மரம் கூடாது என்று பாடம் நடத்தினார். வீட்டில் சிலர் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு மறைத்துவிட்டுச் சின்ன மரத்தை ஏற்றிவைத்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளிடம், "பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே" என்று அம்மா எச்சரிக்க வேண்டியிருந்தது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பண்டிகையை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கடினமான பாடம் எது?

இனி வருகிற மனிதரின் பெயர் பாவெல் போஸ்திஷெவ். இவரைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் சரித்திரம் பொய்யாகிவிடும்.

முதல் காரியம். 1933 ஜனவரியில் ஸ்டாலின் இவரை உக்ரைன் பிரதேசத்துக்கு விசேஷ அதிகாரம் கொடுத்து அனுப்பினார். தானியக் கொள்முதலை முடுக்குவது அவருடைய வேலை. குடியானவர்கள் வீட்டில் இருந்த தானியத்தைத் தேடித் தேடி எடுத்துப்போன காலம் அது. அந்தப் பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பலர் கணக்கிடுகிறார்கள். அப்போது உக்ரைனின் தலைநகராக இருந்த கார்க்கோவ் நகரத்துக்கு, ரொட்டி கிடைக்கும் என்று கிராமத்து ஜனங்கள் நடந்தே வந்தார்கள்; வந்தவர்கள் நடைபாதையிலேயே விழுந்தார்கள். அவர்களில் பள்ளி வயதுக் குழந்தைகள் எத்தனையோ.

இரண்டாவது காரியம். 1935 டிசம்பர் 28ஆம் தேதி, 'பிராவ்தா' பத்திரிகையில் போஸ்திஷெவ் ஒரு சிறு கடிதம் எழுதினார். பழைய காலத்தில் பணக்காரக் குழந்தைகள் மரத்தைச் சுற்றி ஆடினார்கள்; தொழிலாளியின் குழந்தைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஏங்கினார்கள்; இப்போது நம் பள்ளிகளிலும் அநாதை விடுதிகளிலும் ஏன் மரம் இருக்கக் கூடாது? இதுதான் அதன் சாரம். அதாவது மரத்தைப் பழித்தவர்களே தவறு செய்தவர்கள் என்று ஆயிற்று! இந்த யோசனையைப் போஸ்திஷெவ் காரில் போகும்போது ஸ்டாலினிடம் சொன்னதாகவும், ஸ்டாலின் சம்மதித்து, நீயே பத்திரிகையில் எழுது, நாங்கள் ஆதரிக்கிறோம் என்று சொன்னதாகவும் க்ருஷ்சேவ் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

வருஷப் பிறப்புக்கு நாலே நாள். இளைஞர் சங்கமான கொம்ஸொமாலின் தலைவர் கோஸரெவ் எல்லாப் பள்ளிகளிலும் மரம் வைக்கும்படி உடனே தாக்கீது அனுப்பினார். நேற்றுவரை மரம் கூடாது என்று பாடம் நடத்திய உபாத்தியாயர் இன்று கோடரியோடு காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அவருடைய நிலைமையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது. கடைகளில் அலங்காரச் சாமான் இல்லை. செய்வதையே நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. பஞ்சு, காகிதம், பசை, வர்ணம் இவற்றைக் கொண்டு பிள்ளைகளே சங்கிலியும் விளக்கும் செய்தார்கள். கார்க்கோவ் நகரத்தில் அவ்வருஷம் திறக்கப்பட்டிருந்த குழந்தைகள் மாளிகையிலும் பெரிய மரம் நிறுத்தினார்கள். அதே கார்க்கோவில்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால் நடைபாதையில் பிணம் பொறுக்கினார்கள்.

மரம் திரும்பி வந்தது. அதன் பொருள் மாறியிருந்தது. இது கிறிஸ்துமஸ் மரம் அல்ல, புத்தாண்டு மரம். பஞ்சாங்கம் மாறியபோது வருஷப் பிறப்பு முன்னால் வந்துவிட்டதல்லவா? அந்த இடைவெளியில் மரத்தைக் கச்சிதமாக நட்டுவிட்டார்கள். உச்சியில் இருந்த பெத்லகேம் நட்சத்திரம் போய்ச் சிவப்பு ஐமுனை நட்சத்திரம் வந்தது. கிளைகளில் தேவதூதர்களுக்குப் பதில் ஆகாயக் கப்பலும் பாராசூட் வீரனும் தொங்கினார்கள். பனித் தாத்தா திரும்பினார். 1873ல் ஆஸ்திரோவ்ஸ்கி எழுதிய நாடகத்தின் நாயகியான பனிப் பெண், 1937ல் மாஸ்கோவில் நடந்த பெரிய யோல்காவில் தாத்தாவின் பேத்தியாக உடன் வந்தாள். அன்றிலிருந்து இருவரும் பிரியவில்லை.

ருஷ்யப் பள்ளிக்கூடத்தில் வருஷம் நாலு கால்களாகப் பிரிந்தது. இரண்டாவது கால் டிசம்பர் கடைசியில் முடியும். மார்க்குகளை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கலைவார்கள். ஜனவரி 10ஆம் தேதி வாக்கில் திரும்பிவர வேண்டும். அதற்குள் பள்ளியில் யோல்கா நடக்கும். ஆரம்ப வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு அம்மாமார்கள் மருந்துக் கட்டுத் துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிப் பனித்துகள் உடை தைப்பார்கள். பையன்களுக்கு முயல் காது. எல்லாரும் மரத்தைச் சுற்றி வட்டமாகக் கைகோத்து, குதாஷேவாவின் பாட்டைப் பாடுவார்கள். ஒவ்வொருவராகத் தாத்தாவுக்கு முன்னால் நின்று பாட்டு ஒப்பிக்க வேண்டும். மறந்துபோய் அழுகிறவர்களும் உண்டு. கடைசியில் பொட்டலம்: கொஞ்சம் மிட்டாய், கொட்டைகள், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு கமலா ஆரஞ்சு. மரம் பேத்லகேமைச் சேர்ந்ததா, கட்சியைச் சேர்ந்ததா என்று அந்தப் பொட்டலத்தைப் பிடித்த கை யோசித்திருக்காது.

அர்காதி கைதார் 1939ல் எழுதிய 'சுக்கும் கெக்கும்' என்ற கதையில் இரண்டு சிறுவர்கள் அம்மாவோடு மாஸ்கோவிலிருந்து காட்டுக்குள் இருக்கும் அப்பாவைத் தேடிப் போகிறார்கள். அங்கே கடை இல்லை, கண்ணி இல்லை. கையில் கிடைத்த கந்தலையும் காகிதத்தையும் கொண்டு மரத்தை அலங்கரிக்கிறார்கள். அந்தக் கதையைப் படித்த குழந்தைகளுக்கு, நாலே வருஷத்துக்கு முன்புதான் இந்த மரம் தடையிலிருந்து விடுதலை பெற்றது என்பதே மறந்திருக்கும்.

மரத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் என்ன ஆனார்கள்? போஸ்திஷெவ் 1938ல் கைதாகி, 1939 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாக்கீது அனுப்பிய கோஸரெவும் அதே பிப்ரவரியில் அதே விதமாக முடிந்தார். சுட்டவர்கள் அவர்கள் வளர்த்த அரசாங்கத்தின் ஆட்களே. பள்ளிகளில் மரம் தொடர்ந்து நின்றது. கடிதம் எழுதியவரின் பெயரை உச்சரிக்க மட்டும் யாரும் துணியவில்லை.

இப்போது லெனின்கிராட் நகரத்துக்குப் போவோம். இன்று அது பழைய பெயருக்குத் திரும்பிப் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது.

1941 செப்டம்பர் 8ஆம் தேதி ஜெர்மானிய சேனை அந்த நகரத்தைத் தரைவழியில் முழுவதும் வளைத்துக்கொண்டது. உள்ளே சுமார் 4 லட்சம் குழந்தைகள் இருந்தார்கள். நவம்பர் 20ஆம் தேதி முதல் ரொட்டி ரேஷன் அடிமட்டத்துக்கு வந்தது. தொழிலாளிக்கு நாளைக்கு 250 கிராம். குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் முழுவதும் மாவு இல்லை. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. டிசம்பரில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விளக்கு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, டிராம் ஓடவில்லை. குளிரோ அந்த வருஷம் வழக்கத்தைவிடக் கொடுமை.

அந்தக் குளிர்காலத்திலும் 39 பள்ளிக்கூடங்கள் மூடாமல் நடந்தன. மைக்கூட்டில் மை உறைந்துபோகும். பிள்ளைகள் கோட்டும் குல்லாயும் கையுறையும் கழற்றாமல் உட்காருவார்கள். பாதிப் பாடம் பதுங்கு அறையில். பள்ளிக்கு வந்தால் ஒரு தட்டுக் கஞ்சித் தண்ணீர் மாதிரியான சூப் கிடைக்கும். அதற்கு ரேஷன் சீட்டு வெட்டமாட்டார்கள். உபாத்தியாயினிகளும் பட்டினிதான். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டு, பதில் வராத பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று அவர்கள் தினமும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

அந்த நகரத்தில்தான், வருஷப் பிறப்பு நெருங்கியபோது, பள்ளிக் குழந்தைகளுக்கு யோல்கா நடத்துவது என்று தீர்மானித்தார்கள். விறகு இல்லாமல் மேஜை நாற்காலியை உடைத்து எரித்துக்கொண்டிருந்த ஊரில் பச்சை மரத்தை வெட்டி அலங்காரத்துக்கு நிறுத்துவதா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். நிறுத்தினார்கள். 1942 ஜனவரி முதல் பத்து நாட்கள், பள்ளிகளின் விடுமுறைக் காலத்திலேயே, புஷ்கின் நாடக அரங்கு முதலான இடங்களில் விழா நடந்தது. பள்ளியில் அழைப்புச் சீட்டுக் கொடுத்தார்கள். அரங்குக்குள் வெளியில் இருப்பதைவிட அதிகச் சூடு இல்லை. குழந்தைகள் கோட்டோடு உட்கார்ந்தார்கள். மேடையில் நடிகர்கள் மெல்லிய உடையில் நடித்தார்கள். அவர்களும் அதே 125 கிராம் ஜனங்கள்தான். மரத்தைச் சுற்றி ஆடச் சொன்னபோது ஆட வலு இல்லாத குழந்தைகள் நின்றபடி பார்த்தார்கள்.

பிறகு சாப்பாடு. சூப், கொஞ்சம் தானியக் களி அல்லது ஒரு துண்டு கறி உருண்டை, இனிப்புக் கூழ். ரேஷன் சீட்டு வெட்டாத சாப்பாடு. உயிர் பிழைத்தவர்கள் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில், மேடையில் என்ன நாடகம் நடந்தது என்பது பலருக்குக் கலங்கலாக இருக்கிறது. தட்டில் என்ன இருந்தது என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

அந்த வருஷப் பிறப்புக்காக லதோகா ஏரியின் உறைந்த பனிமேல் ஒரு லாரி வந்தது. ஓட்டியவர் பெயர் மக்ஸீம் த்வெர்தஹ்லேப். ஏற்றி வந்த சரக்கு, தெற்கே ஜார்ஜியாவிலிருந்து குழந்தைகளுக்காக அனுப்பிய கமலா ஆரஞ்சுகள். ஏரியின் நடுவில் ஜெர்மானிய விமானங்கள் அந்த லாரியைத் துரத்திச் சுட்டன. அவருக்குக் கையில் காயம். லாரியில் 49 ஓட்டைகளை எண்ணியதாக அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பழம் ஊர் வந்து சேர்ந்தது. அவருடைய பெயரின் பிற்பகுதியில் உள்ள 'ஹ்லேப்' என்ற சொல்லுக்கு ருஷ்ய மொழியில் ரொட்டி என்று அர்த்தம். கதாசிரியன் இப்படிப் பெயர் வைத்தால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

எல்லாருக்கும் பழம் எட்டவில்லை, மரமும் எட்டவில்லை. அதே நகரத்தில் வஸீலியெவ் தீவில் தான்யா ஸவிசேவா என்ற சிறுமி இருந்தாள். யுத்தம் தொடங்குமுன் மூன்றாம் வகுப்பை முடித்தவள். அக்காளின் குறிப்பேட்டில் எழுத்து வரிசைப்படி பக்கங்கள் இருந்தன. வீட்டில் ஒவ்வொருவர் இறந்தபோதும் அவரவர் பெயரின் முதல் எழுத்துப் பக்கத்தைத் திருப்பி, நாளையும் நேரத்தையும் நீலப் பென்சிலால் அதில் எழுதினாள். முதல் பதிவு அக்காள் ஷேன்யாவினுடையது. தேதி 1941 டிசம்பர் 28. ஆறு வருஷத்துக்கு முன் 'பிராவ்தா'வில் குழந்தைகளுக்கு மரம் வேண்டும் என்று கடிதம் வந்த அதே தேதி. ஜனவரி 23ல் தான்யாவுக்கு 12 வயது பூர்த்தியாயிற்று. 25ல் பாட்டி போனாள். மே 13க்குள் அண்ணனும் அப்பாவின் சகோதரர்கள் இருவரும் அம்மாவும் போய்விட்டார்கள். ஒன்பது சின்னப் பக்கங்கள். தான்யாவை ஊரை விட்டு அப்புறப்படுத்திக் கொண்டுபோனார்கள். ஆனாலும் 1944 ஜூலை 1ஆம் தேதி அவளும் இறந்தாள். அந்தக் குறிப்பேடு இன்று அந்த நகரத்தின் சரித்திரக் காட்சிசாலையில் இருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடங்களில் புத்தாண்டுக்கு மரம் வைத்தும், பெரியவர்களுக்கு ஜனவரி 1 வேலை நாளாகவே இருந்துவந்தது. 1947 டிசம்பரில்தான் அதை விடுமுறையாக்கினார்கள். 1954 ஜனவரியில் கிரெம்ளின் மாளிகைக் கதவைத் திறந்து, உள்ளே குழந்தைகளுக்கு யோல்கா நடத்தினார்கள். போஸ்திஷெவின் பெயரை க்ருஷ்சேவ் 1956ல் மீட்டார். பஞ்சத்தில் மாண்டவர்களைப் பற்றிப் பேசமட்டும் இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. 1991 முதல் ஜனவரி 7 கிறிஸ்துமஸும் ருஷ்யாவில் மறுபடி விடுமுறையாயிற்று. உக்ரைனோ 2023ல் சட்டம் போட்டு, தன் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7லிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டது. மறுபடியும் யுத்தம், மறுபடியும் பஞ்சாங்கம். பெரியவர்களின் சண்டை ஓயவில்லை.

இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, மரத்தைக் கொடுத்த அரசாங்கத்தைப் புகழ்வதா, ரொட்டியைப் பறித்த அரசாங்கத்தைத் திட்டுவதா என்று கேட்டால், இரண்டும் ஒரே அரசாங்கம் என்பதுதான் நான் சொல்லக்கூடிய பதில். 1933ல் தானியத்தை வாரிக்கொண்டு போன கையே 1935ல் மரத்தை நீட்டியது. ரொட்டி இல்லாத குழந்தைக்கு மரம் வெறும் மரம்தான். லெனின்கிராடில் பட்டினி கிடந்த பெரியவர்கள் அந்த மரத்தடியில் ஒரு தட்டுச் சாப்பாட்டை வைத்ததனால்தான் அது பண்டிகையாயிற்று.

முதலில் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. விடுமுறையைக் கொடுப்பது யார்? லெனின்கிராட் யோல்காவுக்குப் போன குழந்தைகளில் பலர் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிடவில்லை. பாதிக் கறி உருண்டையையோ பழத்தையோ கையுறைக்குள் ஒளித்து, இருட்டிய தெருவில் பனியில் நடந்து, வீட்டில் படுத்திருந்த அம்மாவுக்கும் தம்பிக்கும் கொண்டுபோனார்கள். அந்த வீடுகளில் அன்று பண்டிகை நடந்தது. அதைக் கொடுத்தது ஹெட்மாஸ்டர் அல்ல, இலாகா அல்ல, கிரெம்ளினும் அல்ல.